பதினேழாம் படம்

ஜனவரி 11

நாத்தனாருக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் வீட்டுத் திரைச்சீலையைப் பற்றி நான் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை. இப்போது எழுதுவதும் உறவு கொண்டாட இல்லை, காரியமாகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே பழைய தியேட்டர் ஒன்றை இடிக்காமல் புதுப்பிக்கிறார்கள். முன்கூடத்தின் அலங்கார வேலை எனக்கு வந்திருக்கிறது. "உள்ள நுழையறவன் அண்ணாந்து பாத்து வாயைப் பொளக்கணும், அவ்வளவுதான் என் ஆசை" என்கிறார் தியேட்டர்காரர். கடைகளில் கிடைக்கும் மாதிரிப் புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாம் கேக்கின்மேல் பிழிந்த கிரீம்போல இருக்கிறது.

உங்கள் நூலகத்தில் தோல் அட்டை போட்ட பெரிய தொகுதி ஒன்று உண்டே, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த, பழைய ஐரோப்பாவின் பரோக் பாணி அலங்காரப் படங்கள். கல்யாணமான புதிதில் உன் அண்ணன் அதைக் காட்ட என்னை அங்கே கூட்டிவந்தார். கையுறை தேடுகிறேன் என்று இரண்டு பேரையும் அரைமணி நேரம் நிற்க வைத்தாய். அதில் விதானத்துக்கான படங்கள் சில இருந்தன. அவற்றின் நகல் வேண்டும்.

உன் அண்ணன் சுகமாக இருக்கிறார். வேலை நெருக்கடியில் தனியாக எழுத முடியவில்லை, உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எனக்கே எழுதலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜனவரி 29

அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். அண்ணன் சுகமாக இருப்பதாக நீங்கள் எழுதியிருந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். மிகவும் சந்தோஷம். நெருக்கடியில் வேளைக்குச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட தொகுதி என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனால் அது என் வீட்டுப் பெட்டி இல்லை, உறவுக்காரர் கேட்டதும் திறந்துகொடுக்க. இணைத்துள்ள விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து இரண்டு பிரதி அனுப்புங்கள். எந்தப் படம், என்ன நோக்கம் என்று கட்டத்துக்குள் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று படங்கள் மட்டும்.

கையுறை தேடியது உண்மை. உங்கள் விரலில் அன்று பெயிண்ட் இருந்தது. அதையும் எழுதியிருக்கலாம்.

திரைச்சீலை அப்படியேதான் தொங்குகிறது.

நலம் வேண்டும்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல். என் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே அரை விரல் நீண்டுவிட்டதாகச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். கடிதம்கூட இல்லை, வெறும் சிவப்பு மை வட்டம். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டத்துக்குள் போட்டிருக்கிறேன்.

எனக்கு முக்கியமாக வேண்டியது பதினேழாம் படம். நடுவில் நீள்வட்டம், அதைச் சுற்றி இலைச்சுருள்கள், மூலைகளில் சிரிக்கிறதா கடிக்க வருகிறதா என்று தெரியாத முகங்கள். தியேட்டருக்கு அதுதான் பொருந்தும். வாசலில் நிற்கிறவனை அது பார்க்க வேண்டும்.

உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நீ கேட்டதைச் சொன்னேன், சிரித்துக்கொண்டார். அவர் உனக்கு எப்போதாவது தனியாக எழுதுகிறாரா என்ன? எழுதினால் எனக்கு வருத்தமில்லை. சும்மா கேட்டேன்.

உடல்நலம் பேணவும்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

நலம். பதினாறு, பதினேழு, பதினெட்டு ஆகிய மூன்று படங்களின் நகலையும் உருளையில் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். பதினேழை மட்டும் மூல அளவிலேயே எடுத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். படத்தில் உள்ளதைக் கோடு மாறாமல் அப்படியே செய்யுங்கள். வரைந்தவன் விவரம் தெரிந்தவன். மற்றவர் வேலையை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவது உங்கள் வழக்கம் என்று கேள்வி.

அண்ணன் எனக்குத் தனியாக எழுதுவதில்லை. எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

நலமாக இருங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

நலம் விசாரிப்பைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

பதினேழாம் படத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். இடது பாதியில் இலைச்சுருள்கள், வலது பாதியில் சிப்பிகளும் பூச்சரங்களும். இடது மூலை முகத்துக்குத் தாடி, வலது மூலை முகத்துக்குக் கொம்பு. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் 'கோடு மாறாமல் அப்படியே' என்று அந்தப் படங்களோடு பத்து வருஷம் குப்பை கொட்டியவள் எழுதியிருக்கிறாள். அதை மதித்து, இரண்டு பாதிக்கும் தனித்தனி அச்சு செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டேன்.

தாளைச் சுருட்டப் போகும்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. பென்சிலில் ஒரே வரி. 'ரெண்டு பாதியும் வேற வேற டிசைன். வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க. ஒன்றை எடுத்து மறுபாதிக்கும் மடக்கிப் போடு.'

இது உனக்குத் தெரியாததில்லை. நான் கோமாளி விதானம் ஒன்றைக் கட்டி, ஊர் அண்ணாந்து பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தாய்.

அது போகட்டும். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அந்தக் கொக்கி போட்ட 'டி'யைச் சுவரிலும் மரப்பலகையிலும் பார்த்திருக்கிறேன்.

நவம்பரிலிருந்து உன் அண்ணன் வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிகளில் விசாரித்தேன். 'சுகமாக இருக்கிறார்' என்று உனக்கு எழுதினேனே, அது பொய். நீ 'இல்லையே, இங்கே இருக்கிறாரே' என்று ஒரு வரி எழுதமாட்டாயா என்றுதான் நகல் கேட்கிற சாக்கில் தூண்டில் போட்டேன். நீயோ, வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதினாய். உன் வீட்டுச் சமையலறையில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினாயா?

உயிரோடு இருக்கிறார் என்பது தெரிந்தது. அந்தமட்டில் நன்றி.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

நான் நலம், அண்ணனும் நலம். இந்தத் தடவை அது உண்மை.

ஆமாம், என் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறார். நவம்பர் கடைசியில், கொட்டும் மழையில், ஒரு பையும் கருவிப் பெட்டியுமாக வந்து நின்றார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். நான்காம் நாள் சொன்னது ஒரே வாக்கியம். "ஆளுங்க எல்லாரும் பாக்க, என் கையில இருந்த பூச்சுக் கரண்டியை வாங்கிட்டா."

அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. பலகையில் உங்கள் பெயர், சுவரில் அவர் விரல். நீங்கள் கட்டிய ஒவ்வொரு கூடத்திலும் அவர் பிளாஸ்டரில் எடுத்த இலை காற்றடித்தால் ஆடும்போல இருக்கும். அந்த மனிதரைக் கூலிக்கு வந்தவர்போல இறக்கிவிட்டீர்கள். அப்படிச் செய்த உங்களுக்கு நான் எதற்கு வரி வரியாக விளக்கம் எழுத வேண்டும்? விதானம் கோணலாகப் போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன், மறைக்கவில்லை.

ஆனால் அண்ணன் என் மேசையில் உட்கார்ந்து, என் பென்சிலாலேயே உங்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார். உருளையைத் தானே கட்டித் தருகிறேன் என்றபோதே யோசித்திருக்க வேண்டும். கேட்டேன். "வேலைன்னா வேலை. அது தப்பாப் போகக்கூடாது" என்கிறார். உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசிப்புக்கூடத்தின் மேல்விளிம்பில் பூவேலை உடைந்து கிடக்கிறது. தலைமை நூலகரிடம் பேசிவிட்டேன். அடுத்த வாரம் சாரம் கட்டுகிறார்கள். அதை அண்ணன்தான் செய்யப் போகிறார். இங்கே அவருக்கு மரியாதை உண்டு.

நலம் சூழ்க.

நாத்தனார்


ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

அவரைச் சாரத்தில் ஏற விடாதே.

கீழே மேசை போட்டுக்கொடு. அச்சு எடுக்கட்டும், வார்க்கட்டும், இழைக்கட்டும். மேலே கொண்டுபோய்ப் பொருத்துவதற்கு வேறு ஆள் வை. காரணத்தை அவரிடம் கேள். சொன்னால் சரி. சொல்லாவிட்டால் நான் சொல்வதாக இல்லை, அது என் வாயால் வரக்கூடாது.

என்மேல் உள்ள கோபத்தை என்னிடமே தீர்த்துக்கொள்.

இருவர் நலமும் வேண்டும்,
அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

நலம். சாரம் கட்டியாகிவிட்டது, அண்ணன் ஏறியாகிவிட்டது.

நீங்கள் சொன்னபடி கேட்கவும் கேட்டேன். "அண்ணே, நீங்க ஏறக்கூடாதுன்னு அண்ணி எழுதியிருக்காங்க. என்ன விஷயம்?"

வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "அவளுக்கு நான் தரையில இருந்தாத்தான் நிம்மதி."

போதுமா? மேலே நிற்கிற மனிதரைக் கீழே பார்க்க வேண்டும் என்கிற ஆசைக்கு அக்கறை என்று பெயர் வைக்காதீர்கள். வாசிக்க வந்தவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவர் வேலையை வேடிக்கை பார்க்கிறார்கள். பத்து வருஷமாக நான் அந்தத் தொகுதியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதிலிருக்கிற ஒரு சிப்பி தாளைவிட்டு எழுந்து சுவருக்கு வருவதை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் என் அண்ணன் கையால்.

இனி நீங்கள் எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் வராது.

நலமாக இருங்கள், அங்கேயே இருங்கள்.

நாத்தனார்


மே 30

நாத்தனாருக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். ஒரு மாதம் கைகட்டி இருந்தேன்.

தியேட்டர் வேலை முடிந்துவிட்டது. வலது பாதியை எடுத்து மடக்கிப் போட்டோம், சிப்பியும் பூச்சரமும். நாலு மூலையிலும் கொம்பு முகம். திறந்த அன்று தியேட்டர்காரர் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றார். எல்லோரும் என்னிடம் நல்ல வார்த்தை சொன்னார்கள். இலைகள் கொஞ்சம் தடித்துத்தான் போய்விட்டன. அவர் கையாக இருந்தால் மெலிந்திருக்கும். இதை அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சரி.

உன்னிடம் கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு பேரும் நலமா? அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிப் போடு. மற்றதெல்லாம் உன் வசவாகவே இருக்கட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூன் 16

அண்ணிக்கு,

நலமில்லை. எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன், இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது.

மே 12, காலை பதினோரு மணி. அண்ணன் சாரத்தின் மேல் நின்று மூலையில் ஒரு சிப்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார், சாப்பாட்டுத் தட்டு அகலம். நான் நேர் கீழே நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றார். "இருக்கட்டும்ணே" என்றேன். அவர் விரல்கள் விரிவதை என் கண்ணால் பார்த்தேன். யாரோ பிரித்துவிட்டதுபோலத் தானாக விரிந்தன. தலையைக் காக்கக் கையைத் தூக்கினேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். ஒரு வருஷமாக அந்தக் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பதை. போன அக்டோபரில் ஓட்டல் மாடிப்படிக் கூடத்தில் இதே மாதிரி ஒரு பிளாஸ்டர் முகம் விழுந்து, கொத்தனாரின் தோள் எலும்பு உடைந்ததை. 'கலவை சரியில்லை, அளவு சொன்னது நான்தான்' என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் பழியை ஏற்றதை. மறுநாளே அவர் திரும்பவும் சாரத்தில் ஏறப் போனதை. அப்போதுதான் நீங்கள் கரண்டியை வாங்கினீர்கள் என்பதை.

நான் உங்கள் காலில் விழுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பாதியைச் சொன்னது அண்ணன் குற்றம். முழுசும் தெரிந்தும் 'என் வாயால் வரக்கூடாது' என்று எழுதியது உங்கள் குற்றம். 'கை நடுங்குகிறது.' இரண்டே சொல். அதை எழுத உங்களுக்கு மனசு வரவில்லை, அவர் மானம் பெரிதாகப் போய்விட்டது. உங்கள் பெருந்தன்மையின் எடை முழுவதும் என் மணிக்கட்டில்தான் விழுந்தது. கேட்காமல் நின்றது என் குற்றம். அதை நானே சுமந்துகொள்கிறேன், கட்டுப்போட்டுக்கொண்டு.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. ஒரு மாதம் அண்ணன் என்னைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார். நடுங்குகிற கையால் எனக்குத் தலை வாரிவிட்டார், சோறு பிசைந்து தந்தார். ஒவ்வொரு தடவை கரண்டி கீழே விழும்போதும் "பரவால்லண்ணே" என்றேன். முந்தாநாள் நான் எழுந்து பார்த்தபோது மாடியறை காலி. பையை எடுத்துப்போயிருக்கிறார். கருவிப் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அங்கே வந்தாரா? வந்தும் வரவில்லை என்று எழுதாதீர்கள். அப்படிச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, தெரியும். வேண்டாம்.

நாத்தனார்


ஜூன் 20

நாத்தனாருக்கு,

இங்கே இருக்கிறார். நேற்று சாயங்காலம் வந்தார். நலம்.

உன் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. நீ நாலு மாதம் மறைத்தாய், நான் நாலு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லிக்காட்டத்தான் செய்வேன். உன்னளவுக்குப் பொறுமை எனக்கு இல்லை.

நடுவில் எங்கே இருந்தார் என்று கேட்பாய். தோள் உடைந்த கொத்தனாரின் ஊருக்குப் போய், அவர் வீட்டில் தங்கியிருக்கிறார். "கலவை நல்லாத்தான் இருந்துச்சு. என் கைதான் விட்டுடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். "தெரியும்ணே. கீழ நின்னு பாத்துட்டுதானே இருந்தேன்" என்றாராம் கொத்தனார். தேநீர் கொடுத்து, பாய் விரித்துக் கொடுத்தாராம்.

நீ சொன்னது சரி. நான் எழுதியிருக்க வேண்டும். உன்னை மாதிரி ஆளிடம் தோற்றுப்போவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி சரிதான். அதனால் இப்போது எதையும் விடாமல் எழுதுகிறேன். இன்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு வியாதி. மருந்தால் கொஞ்சம் அடங்கும், போகாது. கரண்டி இனிமேல் இல்லை. பென்சில் எத்தனை நாள் என்பதை மருந்து பிடிக்கிறதைப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

இதை உனக்கு எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார், பேனா பிடிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

"உன் கையை நான்தான் உடைச்சேன். நீ தெனமும் பரவால்லண்ணே, பரவால்லண்ணேன்னு சொன்னே. அதைத்தான் என்னால தாங்க முடியல. கொத்தனாராவது நாலு வார்த்தை கேப்பான்னு போனேன். அவனும் பாயைப் போட்டுப் படுக்கச் சொல்றான். இங்க வந்தேன். வாசல்லயே நிக்க வெச்சு ஒரு மணி நேரம் திட்டினா. அப்புறம்தான் எனக்குப் பசிச்சுது."

சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஒரு மணி நேரம் என்பது மிகை, முக்கால் மணி இருக்கும். 'உங்கண்ணி மனசுல ஒண்ணும் இல்ல' என்றும் ஒரு வரி சொன்னார். அது தப்பு என்பதால் சேர்க்கவில்லை. என் மனசில் நிறைய இருக்கிறது, அதில் பாதி உன்னைப் பற்றி.

மணிக்கட்டில் கட்டுப் பிரித்ததும் புறப்பட்டு வா. கருவிப் பெட்டியைக் கொண்டுவா, நான் உபயோகிக்க வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்பு சொல்வார். வந்து அவரைத் திட்டு, பிறகு உட்கார்ந்து என்னையும் திட்டு, நானும் சும்மா இருக்கமாட்டேன்.

மணியடித்தால் அவர்தான் கதவைத் திறக்க வருவார், நான் எழுந்திருக்கமாட்டேன். தாழ்ப்பாளை நீக்க அவருக்கு நேரம் பிடிக்கும். உள்ளே சத்தம் கேட்கும். "பரவால்லண்ணே" என்று மட்டும் வெளியிலிருந்து குரல் கொடுக்காதே. பேசாமல் நில்.

உன் மணிக்கட்டு வேகமாகச் சேர வேண்டும்.

உன் அண்ணி